'ஆழி மழைக்கண்ணா'வை அலகிட்டுப் பார்த்தால்: ஒரு மழைப்பாட்டின் தளை, எதுகை, மோனை

திருப்பாவையின் 30 பாட்டுகளில் நான்காவது முழுக்க முழுக்க மழையைப் பற்றியது. மேகம் கடலுக்குள் புகுகிறது, நீரை முகக்கிறது, இரைந்துகொண்டு மேலேறுகிறது, கறுக்கிறது, மின்னுகிறது, இடிக்கிறது, கடைசியில் பொழிகிறது. இந்த வரிசை ஒரு இடத்திலும் முன்பின்னாகவில்லை. பொருளை விளக்கும் உரைகளுக்குக் குறைவே இல்லை. யாப்பு என்று வரும்போதுதான் குழப்பம். வெண்டளை வருகிறதே, அப்படியென்றால் வெண்பாவா என்று கேட்பார்கள். பதிப்பிலோ 'இயற்றரவிணைக் கொச்சகக் கலிப்பா' என்று போட்டிருக்கும். வெண்பாவின் தளையும் கலிப்பாவின் பெயரும் ஒரே பாட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

அலகிட்டால், அதாவது அடியைச் சீராகவும் சீரை அசையாகவும் பிரித்து எண்ணினால், விடை தானாக வரும். முதலில் பாட்டு, சீர் பிரித்து:

ஆழி / மழைக்கண்ணா / ஒன்றுநீ / கைகரவேல்
ஆழியுள் / புக்கு / முகந்துகொடு / ஆர்த்தேறி
ஊழி / முதல்வன் / உருவம்போல் / மெய்கறுத்துப்
பாழியந் / தோளுடைப் / பற்பநா / பன்கையில்
ஆழிபோல் / மின்னி / வலம்புரிபோல் / நின்றதிர்ந்து
தாழாதே / சார்ங்கம் / உதைத்த / சரமழைபோல்
வாழ / உலகினில் / பெய்திடாய் / நாங்களும்
மார்கழி / நீராட / மகிழ்ந்தேலோ / ரெம்பாவாய்

எட்டு அடி, அடிக்கு நான்கு சீர், மொத்தம் 32 சீர். நாற்சீர் அடிக்கு அளவடி என்று பெயர்.

அலகிடத் தேவையானவை

1. அசை இரண்டே வகை. குறிலோ நெடிலோ தனியாக நின்றாலும், பின்னால் ஒற்று வந்தாலும் நேர். இரண்டு குறில் இணைந்தாலோ, குறிலும் நெடிலும் இணைந்தாலோ நிரை. இதற்கும் பின்னால் ஒற்று வரலாம், கணக்கில் சேராது. குறிலை அடுத்து இன்னொரு உயிரோ உயிர்மெய்யோ அதே சீரில் இருந்தால், அந்தக் குறிலைத் தனியாக விடக்கூடாது. சேர்த்து நிரையாக்க வேண்டும்.

2. ஈரசைச் சீர் நான்கு: நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நேர்நிரை கூவிளம், நிரைநிரை கருவிளம். இவற்றின் பின்னால் ஒரு நேர் கூடினால் காய்ச்சீர், ஒரு நிரை கூடினால் கனிச்சீர்.

3. ஒரு சீரின் கடைசியும் அடுத்த சீரின் முதல் அசையும் சந்திக்கும் இடம்தான் தளை. மாச்சீர் முன் நிரையும் விளச்சீர் முன் நேரும் வந்தால் இயற்சீர் வெண்டளை. காய்ச்சீர் முன் நேர் வந்தால் வெண்சீர் வெண்டளை. காய்ச்சீர் முன் நிரை வந்தால் கலித்தளை. மா முன் நேரும் விளம் முன் நிரையும் ஆசிரியத்தளைகள்.

4. தளை அடியோடு முடிவதில்லை. ஒரு அடியின் கடைசிச் சீரும் அடுத்த அடியின் முதல் சீரும் சேரும் இடத்திலும் பார்க்க வேண்டும். புதிதாக அலகிடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 32 சீருக்கு 31 சந்திப்பு. அடிக்குள் மட்டும் பார்த்தால் 24தான் தேறும்.

முதல் அடியை எழுத்தெழுத்தாக

ஆழி: ஆ, ழி. நேர் நேர், தேமா.
மழைக்கண்ணா: மழைக், கண், ணா. நிரை நேர் நேர், புளிமாங்காய்.
ஒன்றுநீ: ஒன், றுநீ. நேர் நிரை, கூவிளம்.
கைகரவேல்: கை, கர, வேல். நேர் நிரை நேர், கூவிளங்காய்.

தேமாவை அடுத்து 'மழை' என்ற நிரை. புளிமாங்காயை அடுத்து 'ஒன்' என்ற நேர். கூவிளத்தை அடுத்து 'கை' என்ற நேர். கூவிளங்காயை அடுத்து இரண்டாம் அடியின் 'ஆ', அதுவும் நேர். நான்கு சந்திப்பும் வெண்டளை.

'கை'யைக் கவனிக்க வேண்டும். ஐகாரம் சீரின் முதலில் வரும்போது நெடிலாகவே எண்ணப்படும். இடையிலும் கடையிலும் குறுகிக் குறிலாக எண்ணப்படும். இதை மறந்து இங்கே 'கை'யைக் குறிலாக்கினால் 'கைக, ரவேல்' என்று நிரைநிரை ஆகிவிடும். முந்தைய சீர் கூவிளம். விளத்தின் முன் நிரை வந்து ஆசிரியத்தளை தட்டும். பாட்டில் பிழையில்லை, எண்ணியதில்தான் பிழை.

இதே முறையில் மீதியையும் செய்தால் கிடைக்கும் கணக்கு: மாச்சீர் 8, விளச்சீர் 11, காய்ச்சீர் 13, கனிச்சீர் ஒன்றுகூட இல்லை. நான்காம் அடி மட்டும் நான்கு சீரும் கூவிளமாகவே நடக்கிறது. வேறெந்த அடியிலும் இப்படி ஒரே சீர் திரும்பத் திரும்ப வரவில்லை.

சொல் இடைவெளியும் சீர் எல்லையும் ஒன்றல்ல

அச்சில் 'ஒன்று நீ கை கரவேல்' என்று நான்கு சொல்லாகப் பிரித்திருப்பார்கள். படிக்க வசதி, அலகிட ஆபத்து. யாப்பைச் சோதிக்கும் மென்பொருளில் அப்படியே ஒட்டினால், இடைவெளியைச் சீர் எல்லையாக எடுத்துக்கொண்டு அடிக்கு ஆறேழு சீர் காட்டும். இந்தப் பாட்டில் பிரிப்பைக் கையாலேயே முடிவு செய்ய வேண்டிய இடம் மூன்று.

1. நின்றதிர்ந்து. 'நின்று அதிர்ந்து' என்பதில் உகரம் கெட்டு 'நின்றதிர்ந்து' ஆனால் நின், றதிர்ந், து: நேர் நிரை நேர், கூவிளங்காய். உகரத்தை விட்டுவைத்தால் ஒரே சீரில் நான்கு அசை வந்துவிடும். இரண்டு சீராக உடைத்தால் அடியில் ஐந்து சீர். இங்கே புணர்ச்சி கட்டாயம்.

2. முகந்துகொடு ஆர்த்தேறி. சேர்த்து எழுதினால் 'முகந்துகொ / டார்த்தேறி': கருவிளம், தேமாங்காய். பிரித்து எழுதினால் 'முகந்துகொடு / ஆர்த்தேறி': கருவிளங்காய், தேமாங்காய். விளம் முன் நேரும் வெண்டளை, காய் முன் நேரும் வெண்டளை. தளை இரண்டையும் அனுமதிக்கிறது. அப்படியானால் எதை எடுப்பது? மோனையைக் கேட்க வேண்டும். பிரித்துப் படித்தால் முதல் சீரில் 'ஆழியுள்', நான்காம் சீரில் 'ஆர்த்தேறி'. ஆ என்ற எழுத்து அடியின் இரு முனையிலும் நிற்கிறது. சேர்த்தால் நான்காம் சீர் 'டா' என்று தொடங்கி அந்த மோனை மறைந்துபோகும். பிரித்துப் படிப்பதே மேல்.

3. பற்பநாபன் கையில். இயல்பாகப் பிரித்தால் 'பற்பநாபன் / கையில்'. பற்பநாபன் கூவிளங்காய், அதை அடுத்து 'கை' நேர், அதுவரை சரி. ஆனால் கையில் என்பது நேர்நேர், தேமா. அடுத்த அடி 'ஆழிபோல்' என்று நேரில் தொடங்குகிறது. மா முன் நேர் வந்து தளை கெடுகிறது. அதனால்தான் 'பற்பநா / பன்கையில்' என்று பெயரை நடுவில் வெட்டுகிறோம். இதற்கு வகையுளி என்று பெயர். 'பன்கையில்' என்பதில் கை சீரின் இடைக்குப் போய்விட்டதால் குறுகும். பன், கையில்: நேர் நிரை, கூவிளம். யாராவது குறுக்காமல் நெடிலாகவே எண்ணினாலும் தேமாங்காய்தான் வரும், அப்போதும் தளை தப்பாது.

ஒற்றில் முடியும் சொல்லும் உயிரில் தொடங்கும் சொல்லும் சேரும் இடங்களில் இந்தக் கவலை வேண்டாம். 'சார்ங்கம் உதைத்த' என்றாலும் 'சார்ங்க முதைத்த' என்றாலும் தேமா, புளிமாதான். ஒற்று கணக்கில் இல்லாததால் அது எந்தப் பக்கம் போனாலும் அசை மாறாது. உகரம் கெடும்போதுதான் ஒரு எழுத்தே காணாமல் போகிறது, கணக்கும் மாறுகிறது.

எதுகை அடியின் மறுமுனையையும் கட்டுகிறது

இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. ஆழி, ஆழியுள், ஊழி, பாழியந், ஆழிபோல் என்று ஐந்து அடியில் 'ழி' அப்படியே வருகிறது. அடுத்து தாழாதே, வாழ. இங்கே ழா, ழ. மெய் அதுவே, உயிர் மட்டும் வேறு. வருக்க எதுகை என்பார்கள்.

எதுகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. முதல் எழுத்துகள் அளவால் ஒத்திருக்க வேண்டும்: நெடில் என்றால் எல்லாம் நெடில், குறில் என்றால் எல்லாம் குறில். 'ஆழி'க்கு 'ஊழி' எதுகை, 'வழி' எதுகையாகாது. இந்தப் பாட்டில் எட்டு அடியும் நெடிலில்தான் தொடங்குகின்றன: ஆ, ஆ, ஊ, பா, ஆ, தா, வா, மா.

இதன் விளைவு அடியின் தொடக்கத்தோடு நிற்கவில்லை. நெடிலில் தொடங்கும் சீரின் முதல் அசை எப்போதும் நேர்தான். வெண்டளை வேண்டுமென்றால் நேருக்கு முன்னால் விளமோ காயோதான் நிற்க முடியும், மா நிற்க முடியாது. ஆக, 'ஆழி' என்ற சொல்லை முதலில் வைத்த உடனேயே ஏழு அடிகளின் கடைசிச் சீர் எதுவாக இருக்கக்கூடாது என்பதும் முடிவாகிவிட்டது. சரிபார்க்கலாம்: கைகரவேல், ஆர்த்தேறி, மெய்கறுத்துப், நின்றதிர்ந்து, சரமழைபோல் ஐந்தும் காய், பன்கையில், நாங்களும் இரண்டும் விளம். ஒரு மாச்சீர்கூட இல்லை. பற்பநாபனை வெட்ட வேண்டி வந்ததும் இதனால்தான். குறில் எதுகை எடுத்திருந்தால் நிரையில் தொடங்கும் அடிகள் கிடைத்திருக்கும், அடி இறுதியில் மாச்சீருக்கும் இடம் வந்திருக்கும். எதுகையை வெறும் ஓசை அலங்காரமாக எண்ணுகிறவர்கள் இந்த இழுவிசையைக் காண்பதில்லை.

'ஆழி' மூன்று முறை வருகிறது. மழையின் அடையாக ஒருமுறை, கடலாக ஒருமுறை, சக்கரமாக ஒருமுறை. ஒரே சொல்லை எதுகைக்காகத் திருப்பிப் போட்டால் வறுமையாகத் தெரியும்; பொருள் மாறிக்கொண்டே வருவதால் இங்கே அப்படித் தெரியவில்லை.

மோனை: எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

ஒரே அடிக்குள் சீர்களின் முதல் எழுத்துகள் ஒன்றுவது சீர்மோனை. உயிரில் அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்யில் ச‑த, ஞ‑ந, ம‑வ இணைகள். மெய்யும் உயிரும் இரண்டும் பொருந்த வேண்டும்.

- இரண்டாம் அடி: ஆழியுள், ஆர்த்தேறி. 1, 4ஆம் சீர், ஒரூஉ மோனை.
- மூன்றாம் அடி: ஊழி, உருவம்போல். 1, 3, பொழிப்பு மோனை.
- நான்காம் அடி: பாழியந், பற்பநா, பன்கையில். 1, 3, 4; மேற்கதுவாய் மோனை.
- ஆறாம் அடி: தாழாதே, சார்ங்கம், சரமழைபோல். 1, 2, 4, கீழ்க்கதுவாய் மோனை.
- எட்டாம் அடி: மார்கழி, மகிழ்ந்தேலோ. 1, 3, பொழிப்பு மோனை.

ஒன்று, ஐந்து, ஏழாம் அடிகளில் முதற்சீரோடு சேரும் மோனை இல்லை. ஐந்தாம் அடியில் 'மின்னி', 'வலம்புரிபோல்' இரண்டையும் ம‑வ இணை என்று எடுத்துக்காட்ட ஆசை வரும். இகரமும் அகரமும் வெவ்வேறு இனம், செல்லாது.

ஆறாம் அடி காதுக்கு மிகவும் நெருக்கம். வில்லிலிருந்து அம்பு மாரி விடுபடும் அடி அது. தா, சா, ச என்று மூன்று ஒலி அடுத்தடுத்து விழுகின்றன. நடுவில் 'உதைத்த' என்பதன் வல்லொற்று. 'தாழாதே' என்றால் தாமதிக்காமல். அந்தச் சொல்லின் நெடில்கள் மூன்றும் இழுத்து நிறுத்திவிட்டு, பிறகு அம்புகளைக் குறில்களாக அவிழ்த்து விடுகின்றன: 'சரமழை' நான்கு எழுத்தும் குறுகிய ஒலியே.

வாக்கியம் அடியோடு முடிவதில்லை

முதல் அடி தனி வாக்கியம். இரண்டாம் அடியில் 'புக்கு' என்று தொடங்கும் வினையெச்சச் சங்கிலி ஏழாம் அடியின் மூன்றாம் சீர் 'பெய்திடாய்' வரை முற்றுப்பெறாமல் ஓடுகிறது. புக்கு, முகந்துகொடு, ஆர்த்து, ஏறி, கறுத்து, மின்னி, நின்று, அதிர்ந்து: எட்டு எச்சம், ஒரே முற்று. மேகம் ஏறிக் கறுத்து மின்னி இடித்தும் இன்னும் பெய்யாமல் இருப்பதை வாக்கிய அமைப்பே செய்து காட்டுகிறது. நான்காம் அடி 'கையில்' என்று நின்று, ஐந்தாம் அடியின் 'ஆழிபோல்' வந்தபின்தான் பொருள் நிறைகிறது. ஏழாம் அடியில் 'பெய்திடாய்' முடிந்ததும் அதே அடியிலேயே 'நாங்களும்' என்று அடுத்த வாக்கியம் பிறந்துவிடுகிறது.

உவமைகள் நான்கும் 'போல்' என்று முடிகின்றன. மூன்று இடத்தில் அந்தப் 'போல்' காய்ச்சீரின் கடைசி நேரசையாக நின்று அடுத்து ஒரு நேரை அழைக்கிறது. 'ஆழிபோல்' மட்டும் கூவிளம்; 'ழிபோல்' குறிலும் நெடிலும் சேர்ந்து நிரையாகிவிட்டது.

எட்டாம் அடியில் என்ன ஆயிற்று?

இதுவரை 31 சந்திப்பில் 30 வெண்டளை. தவறும் ஒன்று எட்டாம் அடியில் இருக்கிறது. 'நீராட' என்பது நீ, ரா, ட: மூன்று நேர், தேமாங்காய். அடுத்த சீர் 'மகிழ்ந்' என்று நிரையில் தொடங்குகிறது. காய் முன் நிரை, கலித்தளை.

அதே அடியில் எதுகையும் இல்லை. 'மார்கழி'யின் இரண்டாம் எழுத்து ர். ய், ர், ல், ழ் என்ற ஒற்றுகள் இடையில் புகுந்தால் தள்ளிவிட்டு அடுத்த எழுத்தைப் பார்க்கும் ஆசிடை எதுகை என்ற சலுகை உண்டு. தள்ளினாலும் அடுத்து நிற்பது க; உதவாது. ழி நான்காம் எழுத்தாகத் தள்ளிப் போயிருக்கிறது. எதுகை தராத இணைப்பை மோனை தருகிறது: 'வாழ', 'மார்கழி' என்ற அடித்தொடக்கங்களில் வா, மா.

முதல் மூன்று பாட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு விலகல் என்று தெரியும். முதற்பாட்டின் எட்டு அடியிலும் ர், இரண்டாவதில் ய், மூன்றாவதில் ங் என்று எதுகை இறுதிவரை ஓடுகிறது. கடைசி அடியின் தளையும் அங்கே சுத்தம். 'படிந்தேலோ', 'உகந்தேலோ', 'நிறைந்தேலோ' என்று மூன்றாம் சீர் நிரையில் தொடங்குவதால் இரண்டாம் சீர் மாவாக இருக்க வேண்டும். 'புகழப்', 'றெண்ணி', 'செல்வம்' மூன்றும் மாச்சீர்களே. நான்காம் பாட்டில் அந்த இடத்தில் 'நீராட' என்ற காய்ச்சீர் உட்கார்ந்திருக்கிறது.

மழையிலிருந்து 'நாங்கள்' என்று பேச்சு திரும்பும் இடத்தில் எதுகையும் தளையும் சேர்ந்து நழுவுவது கவனிக்கத்தக்கது. வேண்டுமென்றே செய்தது என்று சத்தியம் செய்ய முடியாது. பாவை நோன்பின் மையமே மார்கழி நீராட்டம். அந்தச் சொற்களை உடைக்காமல் வைக்கத் தளையை விட்டுக்கொடுத்திருக்கலாம். எனக்கு இரண்டாவது விளக்கமே நம்பும்படி இருக்கிறது.

அப்படியானால் இது ஏன் வெண்பா இல்லை?

1. வெண்பாவின் ஈற்றடி மூன்று சீர். இங்கே கடைசி அடியும் நான்கு சீர்.
2. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். 'ரெம்பாவாய்' தேமாங்காய்.
3. வெண்பாவில் வேற்றுத்தளை ஒன்றுகூட வரக்கூடாது. எட்டாம் அடியில் கலித்தளை வந்துவிட்டது.

வெண்பா அடி எண்ணிக்கையில் தாராளமானது, எட்டு அடி இருப்பது மட்டும் தடையில்லை. தடை மேலே சொன்ன மூன்றும்தான். கலிப்பாவின் கொச்சக வகை தளை விஷயத்தில் நெகிழ்வானது. வெண்டளை மிகுந்தும் வரும். 'தரவிணை' என்றால் கலிப்பாவின் தொடக்க உறுப்பான தரவு இரண்டு இணைந்தது. நான்கு நான்காக எட்டு அடி. 'ஏலோ ரெம்பாவாய்' என்று முப்பதாவதைத் தவிர மற்ற எல்லாப் பாட்டையும் முடிக்கும் தொடர் நாற்சீர் ஈற்றடியைக் கேட்கிறது, அதை வெண்பாவுக்குள் அடைக்க இடமில்லை.

அலகிடுவதால் தீராதது

'மழைக்கண்ணா' என்பதை மழைக்கு அண்ணா என்று பிரித்து, மழைக்குத் தலைவனான தேவதையை விளிப்பதாகக் கொள்வது பழைய உரை வழக்கு. கண்ணனையே விளிப்பதாகப் பாடுகிறவர்களும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் சேர்த்தால் அதே எழுத்துகள், அதே நிரை நேர் நேர், அதே புளிமாங்காய். தளையை வைத்து இதில் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லும் வாதம் வந்தால் ஏற்க வேண்டியதில்லை. பொருள் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்: ஊழி முதல்வனின் உருவம் 'போல்' கறுக்கச் சொல்லும் பாட்டு, அந்த முதல்வனையே முன்னால் நிறுத்தி உன்னைப் போல் கறுத்துவா என்று சொல்வது பொருந்தாது. மழைக்கு அண்ணா என்ற பிரிப்பின் பலம் அங்கே இருக்கிறது.